"கிரி": ஒரே சொல், பல மொழி. பதாகையில் எது நிற்கும், எது நிற்காது?

உப்புவெளி21

பெப்ரவரி 21 தாய்மொழி நாளுக்குத் திருகோணமலையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் மாட்ட 6 அடிக்கு 4 அடிப் பதாகை ஒன்று தயாராகிறது. நடுவில் "கிரி" என்ற ஒரே சொல் பெரிதாக வரும். சுற்றிவர, எந்த மொழியில் அதற்கு என்ன பொருள் என்று எழுத வேண்டும். பார்க்க வருபவர்கள் தரம் 6 முதல் 11 வரை, தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும். இப்போது கையில் உள்ள பட்டியல்:

சிங்களம் – பால்
தமிழ் – மலை
மலாய் – இடது
ஜப்பானியம் – மூடுபனி
மாவோரி – தோல்
எஸ்தோனியம் – கடிதம்
துருக்கியம் – அழுக்கு
பாரசீகம் – (பொருள் இன்னும் எழுதவில்லை)
கிரிபாட்டி – ஒரு நாட்டின் பெயர்

இதில் எவை சரி, எவை பிழை? "ஒரே ஒலி என்றால் ஒரே வேர்தான், எல்லாம் ஒரு ஆதிமொழியிலிருந்து வந்தது" என்று ஒரு வரி போடச் சொல்லி வட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள். அதைப் போடலாமா? அச்சடிக்கக் கொடுக்கும்போது எழுத்துகள் உடையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

சொல்வலை

முதலில் வெட்ட வேண்டியவற்றை வெட்டுவோம்.

பாரசீகத்தை முழுவதும் எடுத்துவிடுங்கள். அங்கே "கீர்" என்பது ஆணுறுப்புக்கான கொச்சைச் சொல், "கீரி" அதிலிருந்து பிறந்த வசவு. பாடசாலைச் சுவரில் வேண்டாம். அதுவும் நெடில், உங்கள் சொல்லோ குறில். ஆகவே பொருத்தமே இல்லை. (நம் ஊர்க் கீரிப்பிள்ளையை ஓர் ஈரானியருக்கு அறிமுகம் செய்யும்போது கொஞ்சம் கவனம் தேவை என்பது வேறு கதை.)

துருக்கியமும் போக வேண்டும். அழுக்குக்கு அவர்களுடைய சொல் "கிர்". "கிரி" என்று வருவது "அழுக்கை" அல்லது "அதன் அழுக்கு" என்று உருபு ஏறிய வடிவம். அகராதியில் தலைச்சொல்லாக நிற்கும் வடிவத்தை மட்டும் எடுப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த விதி இல்லாவிட்டால் உலகத்தில் உள்ள எந்த மொழியிலும் எதையாவது வேற்றுமை உருபு ஏற்றிக் "கிரி" ஆக்கிவிடலாம், பட்டியலுக்கு முடிவே இராது.

கிரிபாட்டியை வைத்திருக்கவே கூடாது. எழுத்தில் அப்படி இருக்கிறதே தவிர, அந்த நாட்டவர் சொல்வது "கிரிபாஸ்". அவர்கள் மொழியில் "டி" என்ற எழுத்துச் சேர்க்கைக்கு ஸகர ஒலி. 1979இல் சுதந்திரம் பெறும் முன் அந்தத் தீவுகளின் பெயர் கில்பர்ட் தீவுகள். "கில்பர்ட்ஸ்" அந்த நாட்டார் நாவில் புரண்டு "கிரிபாஸ்" ஆயிற்று. அதில் "கிரி" என்று தனிச் சொல்லே கிடையாது. சிங்களப் பிள்ளைகள் "கிரிபத்" என்று வாசித்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான் பயன்.

மிச்சம் உள்ளவை சரி. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

மலாய்: கிரி இடது, கானான் வலது. மலேசிய நெடுஞ்சாலைகளில் "முந்திச் செல்லாவிட்டால் இடப்பக்கம் செல்" என்ற பலகை இந்தக் "கிரி"யோடுதான் நிற்கிறது. இந்தோனேசியாவிலும் இலங்கையைப் போல வாகனம் இடப்பக்கம்தான் ஓடும். ஆகவே அங்கே சிறிய வான் வண்டியில் போகிறவர் இறங்க வேண்டுமென்றால் "கிரி!" என்று குரல் கொடுப்பார், இடப்பக்கம் ஒதுக்கு என்று. நம் பஸ்ஸில் "இறக்கம்" என்பதைப் போல. பிள்ளைகளுக்கு இது உடனே பிடிக்கும்.

ஜப்பானியம்: மூடுபனி சரி. ஆனால் ஒரு பொருளோடு நிறுத்தினால் ஜப்பானியத்தின் வேடிக்கையே போய்விடும். மூடுபனி, பவுலோனியா மரம், துளைபோடும் ஊசி (தமரூசி), வெட்டு ஆகிய நான்கும் "கிரி"தான். எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சீன எழுத்து. பவுலோனியா இலையும் பூவும் ஜப்பானிய அரசின் சின்னம், 500 யென் நாணயத்திலும் இருக்கிறது. கோட்டோ என்ற நரம்பிசைக் கருவியின் உடல் இந்த மரத்தில்தான் குடையப்படுகிறது. "ஹராகிரி" என்பதில் ஹரா வயிறு, கிரி வெட்டு. "கிரிகாமி" காகிதம் வெட்டும் கலை. தரம் 6 பிள்ளைகளும் வருவதால் கிரிகாமியே போதும்.

மாவோரி: தோல், மரப்பட்டை இரண்டும். நியூசிலாந்துப் பாடகி கிரி தே கனாவாவின் பெயரிலும் "கிரி" இருக்கிறது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஹமில்டன் நகரம் தெரியும். அதன் மாவோரிப் பெயர் கிரிகிரிரோவா. ஆனால் அங்கே வருவது "கிரிகிரி", அதாவது சரளைக்கல். தோலோடு அதைக் குழப்ப வேண்டாம்.

எஸ்தோனியம்: கடிதம், எழுத்து. மின்னஞ்சலுக்கும் முன்னால் ஓர் "ஈ" சேர்த்து இதே சொல்தான். பக்கத்திலேயே பின்னிஷையும் சேருங்கள், பட்டியலுக்குக் கனம் கூடும். பின்னிஷில் "கிரி" என்றால் ஓட்டப்பந்தயத்தில் கடைசி நேரத்தில் எடுக்கும் வேகப் பாய்ச்சல். இரண்டும் நெருங்கிய உறவு மொழிகள், ஆனாலும் இந்த இரண்டு கிரியும் உறவில்லை. எஸ்தோனியக் கிரிக்குப் பின்னிஷில் உறவு "கிரியா" (புத்தகம்), "கிரியே" (கடிதம்).

இன்னும் இரண்டு சேர்க்கலாம். சுவாஹிலியில் "கிரி" என்றால் ஒப்புக்கொள்; "நகிரி" என்றால் ஒப்புக்கொள்கிறேன். அரபியின் "இக்ரார்" வழியாக வந்த சொல். ஜோர்ஜிய மொழியில் "கிரி" சுண்ணாம்பு. அங்கே ககரத்தைத் தொண்டையை அடைத்து வெடிப்பாகச் சொல்வார்கள், நம் ககரத்தைவிடச் சற்றுக் கடினம்.

தமிழ் வரியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். அதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது.

கந்தளாய் வீதி

சிங்கள வரியை வெறும் "பால்" என்று விட்டால் சிங்களப் பிள்ளைக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. கூட்டுச்சொற்களைக் காட்டுங்கோ. கிரிதே பால்தேத்தண்ணி. கிரிபத் பாற்சோறு, அதில ஊத்துறது தேங்காய்ப்பால். தேங்காய்ப்பாலுக்கும் பொல்கிரி எண்டுதான் பேர். கிரிதத் பாற்பல். பொலன்னறுவையிலும் கதிர்காமத்திலும் இருக்கிற கிரிவெஹெர, பால்வெள்ளை நிறத் தாதுகோபம். தமிழில "பால்" எங்கெங்க வருதோ சிங்களத்தில "கிரி"யும் அநேகமா அங்கங்க வரும். இதைப் பக்கத்தில பக்கத்தில போட்டாலே ரெண்டு பக்கப் பிள்ளைகளும் நிண்டு வாசிப்பினம்.

ஒரு பிழை அடிக்கடி வருகுது, அதைத் தவிர்க்கோணும். கந்தளாய்ப் பக்கம் வீதியோரத்தில தயிர்ச்சட்டி அடுக்கி வைச்ச கடைகளில "மீகிரி" எண்டு பலகை இருக்கும். "மீபெணி" தேன் எண்டு தெரிஞ்ச ஆக்கள் மீகிரியைத் "தேன்பால்" எண்டு மொழிபெயர்த்துப் போடுவினம். அது எருமைத் தயிர். சிங்களத்தில "மீ" நாலு வேலை செய்யுது: தேன், எருமை (மீஹரக்), எலி (மீயா), இலுப்பை மரம் (மீ கஹ). வடமொழியில மது, மஹிஷ, மூஷிக, மதூக எண்டு வேற வேறயா இருந்த நாலும் தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒரே எழுத்தில வந்து நிக்குது. அடுத்த வருசப் பதாகைக்கு "மீ"யையே எடுக்கலாம். தமிழில "மீ" மேல், இந்தோனேசியாவில நூடில்ஸ், ஸ்பானியத்தில "என்னுடைய".

அடுத்தது நெடில் குறில். "கீரிச்சம்பா" அரிசியைச் சிங்களத்திலும் "கீரி சம்பா" எண்டுதான் சொல்லுவினம். அது நெடில், பாலோட சம்பந்தமில்லை. சிங்கள எழுத்தில கிரிக்கும் கீரிக்கும் வித்தியாசம் எழுத்துக்கு மேல இருக்கிற குறியில ஒரு சின்னச் சுழி மட்டும். குறிலுக்குக் கெட்டி இஸ்பில்ல, நெடிலுக்குத் திக இஸ்பில்ல. சின்ன அளவில அடிச்சா அந்தச் சுழி மை ஊறி அடைபட்டுப் போகும். சிங்களச் சொல்லை ஒருபோதும் பொடி எழுத்தில போடாதேங்கோ.

வெருகலார்

சொல்வலை தமிழ் வரியில் ஓட்டை என்கிறார். ஏன் ஓட்டை? "கிரி" என்றால் மலை என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அருணகிரி, நீலகிரி, கிரிவலம் எல்லாம் இருக்கின்றன. திருகோணமலையில், சுவாமிமலைப் பாறையில் கோணேசர் இருக்கும் ஊரில், கிரிக்கு மலை என்ற பொருளை விட்டுவிட்டு ஒரு பதாகையா?

சொல்வலை

விடச் சொல்லவில்லை, இருக்கும் இடத்தை மாற்றச் சொல்கிறேன்.

மலை என்ற பொருளில் வரும் கிரி வடசொல். அதன் முதல் ஒலி "தங்கம்" என்ற சொல்லில் வரும் க, "கண்" என்ற சொல்லில் வரும் க அல்ல. தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒரே வடிவத்தைத் தருகிறது. அதனால் தமிழில் எழுதும்போது சிங்களப் பாலும் வடமொழி மலையும் ஒன்றாகத் தெரிகின்றன. சிங்கள எழுத்தில் இரண்டும் வெவ்வேறு எழுத்துகள், ஒன்றுக்கொன்று சாயல்கூடக் கிடையாது. சீகிரியாவில் வரும் கிரியைச் சிங்களவர் யாரும் பாலோடு குழப்ப மாட்டார். பதாகையில் "தமிழ்: மலை" என்று மற்ற வரிகளோடு சமமாகப் போட்டால் ஒரு சிங்களப் பிள்ளை உடனே கேட்கும்: இது வேறு எழுத்தல்லவா? கேள்வி நியாயமானது.

வல்லொலியில் "கிரி" என்றே தொடங்கும் சொல் தமிழ் அகராதியிலும் இருக்கிறது. பழைய அகராதிகளில் கிரிக்குப் பன்றி என்று ஒரு பொருள் உண்டு, அதுவும் வடமொழியிலிருந்து வந்ததுதான். ஏனம், கேழல், வராகம் என்ற வரிசையில் அதுவும் ஒன்று. இன்று யாரும் பேசுவதில்லை. கணக்குக்குச் சரியாகப் பொருந்துவது அதுதான், மனதுக்குப் பொருந்துவது மலை.

ஆகவே தமிழுக்கு இரண்டு வரி கொடுங்கள். "மலை (தங்கத்தில் வரும் க)", அதன் கீழே "பன்றி, பழைய வழக்கு (கண்ணில் வரும் க)". பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு: தமிழில் ஒரே எழுத்து, சிங்களத்தில் இரண்டு எழுத்து. பதாகையிலேயே இதுதான் மிகச் சுவையான மூலை என்பேன்.

வெருகலார்

இரண்டு வரி என்றால் சம்மதம். பன்றி இருப்பது இன்றைக்குத்தான் தெரியும். ஆனால் மலைக்குப் பெரிய எழுத்து, பன்றிக்குச் சின்ன எழுத்து. அருணகிரிநாதர் பெயரையும் எடுத்துக்காட்டாகப் போடுங்கள். திருகோணமலைக்கும் அவர் திருப்புகழ் பாடியிருக்கிறார், பொருத்தமாக இருக்கும்.

உப்புவெளி21

நன்றி. பாரசீகம், துருக்கியம், கிரிபாட்டி மூன்றும் எடுத்தாயிற்று. பின்னிஷ், சுவாஹிலி, ஜோர்ஜியம் சேர்த்தாயிற்று. "ஆதிமொழி" வரிக்கு இன்னும் பதில் வரவில்லை. குழுவில் விடமாட்டார்கள், இத்தனை மொழியில் ஒரே சொல் தற்செயலாக வருமா என்று கேட்கிறார்கள்.

அசைக்கணக்கு

வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாவோரியில் மெய்யொலி 10, குறில் உயிர் 5. ஒவ்வோர் அசையும் உயிரில்தான் முடியும், மெய்கள் அடுத்தடுத்து வராது. மெய்யோடு வரும் அசையும், மெய் இல்லாமல் உயிர் மட்டும் தனித்து வரும் அசையும் சேர்த்தால் 11 × 5 = 55. இரண்டு குறில் அசைகளால் ஆகும் சொல் அதிகபட்சம் 55 × 55 = 3025. அவ்வளவுதான் இடம். ஒரு மொழிக்கு அன்றாடம் வேண்டிய சின்னச் சொற்கள் எல்லாம் இந்த 3025 அறைகளுக்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டும். "கிரி" என்ற அறை காலியாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஜப்பானியத்திலும் இதே நெருக்கடிதான். அதனால்தான் ஓர் அறையில் மூடுபனியும் மரமும் ஊசியும் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

மேலும் க, இ, ர மூன்றும் பெரும்பாலான மொழிகளில் இருக்கும் ஒலிகள். மெய்–உயிர்–மெய்–உயிர் என்ற அமைப்பு மனித வாய்க்கு மிக எளிது. உலகில் ஏறத்தாழ 7000 மொழிகள். இந்தச் சொல் பத்து மொழியில் இருப்பது பெரிய அதிசயம் அல்ல. தேடினால் இன்னும் கிடைக்கும். "ழகரம்" வைத்த ஒரு நாலசைச் சொல் பத்து மொழியில் ஒரே வடிவில் கிடைத்தால் அப்போது ஆதிமொழி பற்றிப் பேசலாம்.

உறவு என்பதை ஒரு சொல்லை வைத்துக் காட்ட முடியாது, சொல்வரிசையை வைத்துத்தான் காட்ட முடியும். இந்தப் பட்டியலிலேயே அதற்கு இரண்டு அழகான பாடம் இருக்கிறது.

ஒன்று சிங்களம். பாலுக்கு வடமொழியில் க்ஷீர, பாளியில் கீர (மூச்சு சேர்ந்த க), ஹிந்தியில் கீர் என்றால் பாயசம். சிங்களம் மூச்சொலிகளை உதறியது, நெடிலைக் குறுக்கியது, கிரி ஆயிற்று. இது ஒரு சொல்லில் மட்டும் நடந்த தற்செயல் அல்ல. வயலுக்கு ஹிந்தியில் கேத், சிங்களத்தில் கெத. சாப்பிடுவதற்கு ஹிந்தியில் கானா, சிங்களத்தில் கனவா. அங்கே மூச்சு சேர்ந்த க வரும் இடத்தில் இங்கே வெறும் க, அங்கே நெடில் வரும் இடத்தில் இங்கே குறில். மாலைதீவின் திவெஹி மொழியில் பால் "கிரு". வடிவம் சற்று மாறியிருந்தாலும் அதுதான் உடன்பிறப்பு. மலாய்க் கிரி அச்சு அசல் ஒத்திருந்தும் அந்நியன்.

இரண்டு, மலாயும் மாவோரியும். இந்த இரு மொழியும் உண்மையிலேயே ஒரே குடும்பம். ஆகவே குழுவில் இருப்பவர் "பார்த்தீர்களா, இரண்டிலும் கிரி" என்று துள்ளக்கூடும். ஆனால் இடதும் தோலும் ஒரே சொல் அல்ல. மலாயில் ஐந்து "லிமா", மாவோரியில் "ரிமா". வானம் மலாயில் "லங்ஙிட்", மாவோரியில் "ரங்ஙி". மலாயின் ல அங்கே ர ஆகிறது, கடைசி மெய் உதிர்கிறது. இப்போது மலாயில் தோலுக்கு என்ன சொல்? "குலிட்". ல ர ஆகிக் கடைசி ட் உதிர்ந்தால் என்ன வரும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். முதல் அசையில் உ மட்டும் இ ஆகியிருக்கிறது, மற்றதெல்லாம் விதிப்படி. ஆக மாவோரிக் கிரிக்கு மலாயில் உறவு "குலிட்". மலாய்க் கிரிக்கு மாவோரியில் உறவு "மவுயீ", இடது.

அந்த வட்ஸ்அப் வரியைப் போடாதீர்கள். அந்த இடத்தில் "லிமா–ரிமா, லங்ஙிட்–ரங்ஙி, குலிட்–கிரி" என்று மூன்று சோடியைப் போடுங்கள்.

பலகைத்தூரிகை

அச்சுக்கு வருவோம். மேலே பேசியதெல்லாம் சரியாக இருந்தும் கடைசியில் பதாகை கெட்டுப்போவது இங்கேதான்.

6 அடிக்கு 4 அடி என்றால் 72 அங்குலத்துக்கு 48. முழு அளவில், அங்குலத்துக்கு 100 புள்ளி வைத்தால் போதும்: 7200க்கு 4800. பிளெக்ஸுக்கு 300 வைக்கத் தேவையில்லை, கோப்புத்தான் பாரமாகும். நான்கு ஓரத்திலும் 2 அங்குலம் வெறுமையாக விடுங்கள். மடித்து ஒட்டவும் வளையம் அடிக்கவும் அந்த இடம் போய்விடும்.

எழுத்தளவு: 10 அடி தூரத்தில் வசதியாக வாசிக்க 1 அங்குல உயரம் என்பது பொதுக் கணக்கு. தமிழிலும் சிங்களத்திலும் சுழி அதிகம், ஆகவே ஒன்றரையாக வையுங்கள். நடுவில் வரும் "கிரி" 8 அங்குலம், மொழிப் பெயரும் பொருளும் ஒன்றரை, விளக்கம் முக்கால் அங்குலம். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். கணினியில் எழுத்தளவு 72 பொயின்ட் என்றால் 1 அங்குலம் என்று நம்பி அளவு போடாதீர்கள். அந்த அளவு மேற்குறி கீழ்க்கொம்பு எல்லாம் சேர்ந்தது. தமிழ்க் ககரத்தின் உடல் அதில் ஏறத்தாழப் பாதிதான். ஒன்றரை அங்குலக் ககரம் வேண்டுமென்றால் 200 பொயின்டுக்கு மேல் போடவேண்டி வரும். ஒரு எழுத்தை அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தே முடிவெடுங்கள்.

எழுத்துரு: தமிழைப் பாமினியிலும் சிங்களத்தை எப்எம் அபயாவிலும் அடித்துக் கொண்டுபோனால் கேடு நிச்சயம். இவை யூனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ், சிங்கள முகமூடி போட்டவை. பாமினியில் "திரு" என்பது உள்ளே ஜே, பி, பெரிய யூ. கடைக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் அந்த மூன்று ஆங்கில எழுத்துத்தான் திரையில் நிற்கும். சிங்களம் தெரியாத ஒருவர் சிங்கள வரியின் எழுத்துருவைத் தவறுதலாக மாற்றினாலும் இதுவேதான். எல்லாவற்றையும் யூனிகோட்டில் அடியுங்கள்.

யூனிகோட்டிலும் ஒரு பொறி உண்டு. பழைய போட்டோஷொப், கோரல்ட்ரோ பதிப்புகள் உயிர்க்குறிகளைச் சரியான இடத்தில் வைக்கத் தெரியாதவை. "கிரி" என்ற சொல்லில் அந்தப் பிழை கண்ணில் படாது, ஏனென்றால் இகரக் குறி எப்படியும் எழுத்தின் வலப்பக்கம்தான். கொக்கி கொஞ்சம் விலகி நிற்கும், அவ்வளவே. அதனால் சோதனைக்குக் கோப்பின் மூலையில் "கோணேஸ்வரம்" என்று அடித்துப் பாருங்கள். இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போனால் அந்த மென்பொருளில் தமிழ் வேலை செய்யவில்லை. போட்டோஷொப்பில் எழுத்து அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை இயக்கினால் சரியாகும். முடியாவிட்டால் வேர்ட்டில் அடித்துப் பிடிஎப் ஆக்கி உள்ளே கொண்டுவாருங்கள். சிங்களத்துக்குச் சோதனை: இஸ்பில்ல எழுத்தின் தலைமேல் ஒட்டி நிற்க வேண்டும். பக்கத்தில் புள்ளிவட்டத்தோடு தனியாக நின்றால் பிழை.

எல்லாம் சரியானதும் எழுத்துகளைக் கோடுகளாக (எழுத்துரு இல்லாமலே நிற்கும் வடிவங்களாக) மாற்றி, பிடிஎப்பாகச் சேமித்துக் கொடுங்கள். மாற்றிய பின் எழுத்துத் திருத்தம் செய்ய முடியாது, ஆகவே மூலக்கோப்பையும் தனியாக வைத்திருங்கள். கடையில் அடிக்கும் முன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்து, சிங்களம் தெரிந்தவர் ஒருவரும் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் விரல் வைத்து வாசிக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் பார்ப்பது போதாது.

ஜப்பானிய எழுத்துக்கு ஒரு எச்சரிக்கை. "கி"க்கான ஹிரகனா அச்சில் ஒரு மாதிரி, கையெழுத்தில் ஒரு மாதிரி. அச்சில் கீழ் வளைவு தண்டோடு சேர்ந்திருக்கும், கையால் எழுதும்போது பிரிந்திருக்கும். இரண்டும் சரிதான். யாராவது இணையத்தில் பார்த்துவிட்டுப் பிழை என்று கடையில் மாற்றச் சொல்லிவிடுவார்கள்.

உப்புவெளி21

மிகவும் நன்றி. ஒலியைக் காட்டப் பதாகையில் என்ன செய்வது? எல்லா மொழிக்கும் தமிழில் "கிரி" என்றுதானே எழுத வரும்?

சொல்வலை

எல்லாவற்றுக்கும் திரும்பத் திரும்பக் "கிரி" என்று எழுத வேண்டியதில்லை. நடுவில் ஒருமுறை எழுதினால் போதும். அதன் கீழே "கண்ணில் வரும் க, இரண்டு இகரமும் குறில், மரத்தில் வரும் ர" என்று ஒரே வரி. சிங்களம், மலாய், மாவோரி, எஸ்தோனியம், பின்னிஷ், சுவாஹிலி எல்லாம் ஏறத்தாழ அதே ஒலிதான். இந்தோனேசியர் ரகரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டுவார்கள், ஜப்பானிய ரகரம் சில காதுகளுக்கு லகரம்போலக் கேட்கும். விலகும் இடத்தில் மட்டும் குறிப்புப் போடுங்கள்: ஜோர்ஜியத்துக்கு "தொண்டையடைத்த க", தமிழ் மலைக்குத் "தங்கத்தில் வரும் க".

கந்தளாய் வீதி

ஜப்பான் வரிக்குத் திருகோணமலைப் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டிய ஒண்டு இருக்கு. 1942 ஏப்ரல் 9 திருகோணமலைத் துறைமுகத்தைக் குண்டுபோட்ட ஜப்பானியக் கடற்படையில, விமானந்தாங்கிக் கப்பல்களுக்குக் காவலா வந்த போர்க்கப்பல்களில ஒண்டின்ர பேர் "கிரிஷிமா". கியூஷுத் தீவில இருக்கிற ஒரு மலையின்ர பேரை வைச்சது. எழுதுற எழுத்தின் பொருள் மூடுபனித் தீவு. கிரி மூடுபனி, ஷிமா தீவு. மூடுபனிக்கு எடுத்துக்காட்டா இதைப் போடலாம்.

அசைக்கணக்கு

அருமை. ஆனால் பிரித்துக் காட்டும்போது "கிரி + ஷிமா" என்று இடைவெளி விட்டுப் போடுங்கள். சேர்த்துப் போட்டால், மலையின் பெயர் என்றதும் தமிழ்ப் பிள்ளைகள் அதைத் "தங்கத்தில் வரும் க"வோடு சேர்த்து மலை என்று எடுத்துக்கொள்வார்கள்.

பலகைத்தூரிகை

இன்னொன்று மறந்துவிட்டது. சிங்கள வரிக்கும் அதன் மேல்வரிக்கும் இடையில் சாதாரண இடைவெளியைவிட மூன்றில் ஒரு பங்கு கூட வையுங்கள். இல்லாவிட்டால் மேல்வரித் தமிழின் உகரக் கொக்கியும் கீழ்வரி இஸ்பில்லவும் முட்டிக்கொள்ளும். முட்டினால் "கிரி" தூரத்திலிருந்து "கீரி"யாகத் தெரியும்.